டெல்டாவின் ஊழியர் சலுகைத் தொகுப்பு: தாராளம் உண்டு, உத்தரவாதம் இல்லை

டெல்டா விமான நிறுவனத்தின் இருக்கை வசதியையும் உணவையும் தாமதத்தையும் பற்றிப் பயணிகள் எழுதிய மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதே நிறுவனம் தன் ஊழியர்கள் முன் வைக்கும் சலுகைத் தொகுப்பை அப்படிப் பிரித்துப் பார்த்து எழுதுவோர் குறைவு. அண்மை ஆண்டுகளில் தவறாமல் அறிவிக்கப்பட்டுவரும் ஊதிய உயர்வு, பிப்ரவரி மாதம் காதலர் தினத்தையொட்டிக் கைக்கு வரும் லாபப் பங்கு, ஓய்வுக்காலச் சேமிப்பில் நிறுவனம் போடும் பங்கு, நெருக்கடி வந்தால் நீட்டப்படும் விருப்ப ஓய்வுத் திட்டம் ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்தத் தொகுப்பு. பணம் கொடுத்து வாங்கும் சேவையை எப்படி எடைபோடுவோமோ அப்படியே இதையும் எடைபோட முடியும். ஊழியர்கள் சங்கம் அமைக்காமல் இருப்பதுதான் இதன் விலை என்பது என் கணிப்பு. நிறுவனம் அதை ஒருநாளும் அந்தச் சொற்களில் சொல்லாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் இந்த விஷயத்தில் டெல்டா தனித்து நிற்கிறது. அமெரிக்கன், யுனைடெட், சவுத்வெஸ்ட் ஆகியவற்றில் பெரும்பாலான ஊழியர்கள் ஏதாவதொரு தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். டெல்டாவிலோ விமானிகளுக்கும், விமானப் போக்கைத் தரையிலிருந்து திட்டமிட்டுக் கண்காணிக்கும் அலுவலர்களுக்கும் மட்டுமே சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் உண்டு. இவர்கள் மொத்த ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் சுமார் 28,000 விமானப் பணியாளர்கள், பழுதுபார்ப்போர், சரக்கேற்றுவோர், முகப்பில் பயணச்சீட்டு சரிபார்ப்போர் என எஞ்சியவர்கள் அனைவருக்கும் நிர்வாகம் அறிவிப்பதே ஊதியம், நிர்வாகம் எழுதுவதே விதி.

முதலில் ஊதிய உயர்வு. 2022-இல் 4 சதவீதம், 2023-இல் 5, 2024-இல் 5, 2025-இல் 4 என்று சங்கமில்லாத ஊழியர்களின் அடிப்படை ஊதியத்தை நிறுவனம் உயர்த்தியது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் நான்கு ஆண்டுகளில் சுமார் 19 சதவீதம். இந்த எண்ணை அருகிலுள்ள நிறுவனங்களோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். அமெரிக்கன் நிறுவனத்தின் விமானப் பணியாளர்களுடைய ஒப்பந்தம் 2019 இறுதியில் திருத்தத்துக்கு வந்தது. புதிய ஒப்பந்தம் 2024 செப்டம்பரில்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட ஆண்டுகளில் விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, அவர்களுடைய ஊதிய அட்டவணை அசையவில்லை. கடைசியில் ஒரே வீச்சில் 20.5 சதவீதம் வரை உயர்வு கிடைத்தது; 87 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். யுனைடெட்டிலோ 2025-இல் எட்டப்பட்ட முதல்கட்ட உடன்பாட்டை, போதாது என்று 71 சதவீதம் பேர் தூக்கி எறிந்தார்கள். சங்கம் இருந்தால் உயர்வு கூடும் என்பது எவ்வளவு உண்மையோ, அது கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதும் அவ்வளவு உண்மை. விமானத் துறைக்குப் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்கீழ் ஒப்பந்தங்கள் காலாவதியாவதில்லை. பேச்சுவார்த்தை எத்தனை நாள் இழுத்தாலும் பழைய ஒப்பந்தமே நீடிக்கும். தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் மத்தியஸ்தத்திலிருந்து விடுவித்து, அதன்பின் 30 நாள் தணிவுக் காலமும் கழிந்தால்தான் வேலைநிறுத்தம் செய்யலாம். மாதச் சம்பளத்தை நம்பிக் கடன் கட்டும் குடும்பத்துக்கு டெல்டாவின் ‘காத்திருக்க வேண்டாம்’ என்ற அம்சம் சிறிய நன்மையன்று.

ஆயினும் இந்த உயர்வுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கத்தான் வேண்டும். 2022 ஏப்ரலில் டெல்டா ஒரு புதுமையை அறிவித்தது: பயணிகள் விமானத்தில் ஏறும் நேரத்துக்கும் பணியாளர்களுக்கு ஊதியம், அதாவது வழக்கமான மணிக்கூலியில் பாதி. அமெரிக்காவில் விமானப் பணியாளர்களின் மணிக்கூலி பொதுவாகக் கதவு மூடிய பிறகுதான் ஓடத் தொடங்கும். பெட்டியைத் தூக்கி வைக்க உதவுவது, இருக்கைச் சண்டையைத் தீர்ப்பது, அழும் குழந்தைக்கு வழிசெய்வது என்று உடல் நோகும் வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே இது நியாயமான சலுகை. பெரிய நிறுவனங்களில் முதலில் கொடுத்தது டெல்டா என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே அறிவிப்பு, ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானங்களில் பயணிகளை ஏற்றும் நேரத்தை 35 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக நீட்டியது என்பது அதன் மறுபக்கம். விமானப் பணியாளர் சங்கம் டெல்டாவில் ஆள்திரட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது வந்தது. அந்த அழுத்தத்தின் விளைவே இது என்று சங்கம் சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்கனின் ஒப்பந்தத்திலும் இதே ஊதியம் இடம்பெற்றது. வேறுபாடு எழுத்தில் இருக்கிறது: அங்கே அதை நீக்க இரு தரப்பும் ஒப்பவேண்டும், இங்கே ஒரு சுற்றறிக்கை போதும்.

லாபப் பங்குதான் இத்தொகுப்பின் கவர்ச்சியான உறுப்பு. 2020 பிப்ரவரியில் 160 கோடி டாலர் பங்கிடப்பட்டது. ஒவ்வொருவரின் ஆண்டு ஊதியத்தில் 16 சதவீதத்துக்கு மேல், அதாவது இரண்டு மாதச் சம்பளம். 2024-இலும் 2025-இலும் 140 கோடி டாலர் வீதம், ஆண்டு ஊதியத்தில் ஏறத்தாழ 10 சதவீதம். பங்கிட்ட மொத்தத் தொகையில் போட்டியாளர்களில் எவரும் அந்த ஆண்டுகளில் இதற்கு அருகில் வரவில்லை. ஆனால் லாபப் பங்கு என்பது அடிப்படை ஊதியமன்று. லாபமில்லாத ஆண்டில் அது இல்லை. பெருந்தொற்று ஆண்டில் நிறுவனம் 1,240 கோடி டாலர் நட்டமடைந்தது. அதைவிட முக்கியமாகக் கவனிக்கவேண்டியது 2015-இல் நடந்தது. லாபப் பங்கின் அளவைக் குறைத்து அதற்கு ஈடாக ஊதியத்தைக் கூட்டும் யோசனையை நிர்வாகம் முன்வைத்தபோது, விமானிகள் அந்த உடன்பாட்டை 65 சதவீத எதிர்ப்பு வாக்குகளால் தோற்கடித்தார்கள். சங்கமில்லாத மற்றவர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை, அவர்களுக்கு 14.5 சதவீத ஊதிய உயர்வும் மாற்றப்பட்ட லாபப் பங்குச் சூத்திரமும் ஒரே அறிவிப்பில் வந்தன. மாற்றம் நல்லதா கெட்டதா என்பது அவரவர் கணக்கைப் பொறுத்தது. அடிப்படை ஊதியம் கூடுவதை விரும்புவோரும் உண்டு. ஒரே பேரம், ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம்: ஒரு சாராருக்கு மறுக்கும் உரிமை இருந்தது, மறுசாராருக்கு அறிவிப்பைப் படிக்கும் உரிமை இருந்தது. டெல்டாவின் தொகுப்பை எவரேனும் ஒரே நிகழ்ச்சியால் விளக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த நிறுவனத்தில் ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே இருந்த நெருக்கம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. 1982-இல் விமானத் துறையே தள்ளாடியபோது டெல்டா ஆட்குறைப்புச் செய்யாமல் ஊதியத்தை உயர்த்தியது. அதற்கு நன்றியாக, மூன்று விமானப் பணிப்பெண்களின் முன்முயற்சியில் ஊழியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து 3 கோடி டாலர் திரட்டி நிறுவனத்துக்கு அதன் முதல் போயிங் 767 விமானத்தை வாங்கிக்கொடுத்தார்கள். முதலாளிக்குத் தொழிலாளர்கள் விமானம் வாங்கிக்கொடுத்த கதை உலகில் வேறெங்கும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ‘ஸ்பிரிட் ஆஃப் டெல்டா’ என்ற அந்த விமானம் இன்றும் அட்லாண்டாவில் உள்ள டெல்டா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1994-இல், ஓர் இருக்கையை ஒரு மைல் பறக்கவைக்கும் செலவை 7.5 சென்ட்டாகக் குறைப்பது என்ற திட்டத்தின்கீழ் 12,000 முதல் 15,000 வேலைகளை வெட்டுவதாக அதே நிறுவனம் அறிவித்தது. ஊழியர்களின் மனக்கசப்பைப் பற்றிக் கேட்டபோது அன்றைய தலைவர் ரொனால்ட் ஆலன், ‘அப்படியென்றால் அப்படியே இருக்கட்டும்’ என்ற பொருள்படப் பதில் சொல்ல, அந்தச் சொற்களையே வில்லையாக அச்சிட்டு ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

ஓய்வுக்காலப் பகுதிக்கு வருவோம். இங்கே சங்கத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒருசேர எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. 2005 செப்டம்பர் 14-இல் டெல்டா திவால் பாதுகாப்பு கோரியது. அப்போது வலுவான சங்கமும் எழுத்துபூர்வ ஒப்பந்தமும் கொண்ட விமானிகளின் ஓய்வூதியத் திட்டம் முற்றாகக் கலைக்கப்பட்டு, அரசின் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்டப்பட்டது. அந்நிறுவனம் தரும் தொகைக்குச் சட்ட வரம்பு இருப்பதால் பல விமானிகள் எதிர்பார்த்த ஓய்வூதியத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள். சங்கமில்லாத தரைப்பணியாளர்கள், விமானப் பணியாளர்களின் திட்டமோ உறைநிலையில் நிறுத்தப்பட்டதே தவிர, கலைக்கப்படவில்லை; அதுவரை சேர்ந்த தொகை அவர்களுக்கு மிஞ்சியது. ‘சங்கம் இருந்து என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

ஆனால் காரணம் வேறு. ஓய்வுபெறும் விமானி தன் ஓய்வூதியத்தில் பாதியை ஒரே தவணையாக எடுத்துக்கொள்ள அந்தத் திட்டம் இடம்கொடுத்தது. திவால் வரப்போகிறது என்ற அச்சத்தில் மூத்த விமானிகள் கூட்டங்கூட்டமாக முன்கூட்டியே ஓய்வுபெற்றுப் பணத்தை எடுக்க, திட்டத்தின் கையிருப்பு வற்றியது. மற்றவர்களின் திட்டத்தைக் காப்பாற்றியது 2006 ஆகஸ்டில் நிறைவேறிய ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம். உறைநிலைத் திட்டங்களின் பற்றாக்குறையை 17 ஆண்டுகளில் அடைக்க அது விமான நிறுவனங்களுக்கு அவகாசம் தந்தது. மேலும், விமானிகள் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஓய்வூதியத் திட்டம் போனதற்கு 65 கோடி டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்களும், ஊதிய விட்டுக்கொடுப்புகளுக்கு ஈடாகத் திவால் வழக்கில் 210 கோடி டாலர் உரிமைக்கோரலும் அவர்களுடைய சங்கம் பேசிப் பெற்றவை. 2004 இறுதியில் 32.5 சதவீத ஊதிய வெட்டை ஏற்றவர்களும் அவர்கள்தாம் என்பதை மறந்துவிடக் கூடாது. சங்கம் அவர்களை வெட்டிலிருந்து காக்கவில்லை. ஆனால் வெட்டு நடக்கும் அறையில் நாற்காலி கொடுத்தது.

இன்றைய நிலையில் சங்கமில்லாத ஊழியரின் 401கே என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் நிறுவனம் போடுவது அதிகபட்சம் ஊதியத்தில் 9 சதவீதம். அதில் 3 சதவீதம் தானாக வரும், எஞ்சிய 6 ஊழியர் தன் பங்கைப் போட்டால்தான் வரும். தொடக்கநிலைச் சம்பளத்தில் நியூயார்க்கிலோ சியாட்டிலிலோ வாடகை கொடுத்து வாழும் இளம் பணியாளருக்கு அந்த 6 சதவீதத்தை ஒதுக்கிவைப்பது எளிதன்று. விமானிகளுக்கோ 2023 ஒப்பந்தத்துக்கு முன்பே, அவர்கள் ஒரு டாலர் போடாவிட்டாலும், 16 சதவீதத்தை நிறுவனம் போட்டுக்கொண்டிருந்தது. விமானியின் பேரம்பேசும் வலிமைக்குச் சங்கம் மட்டுமே காரணமன்று, ஆள் பற்றாக்குறையும் காரணம் என்பது சரியே. என்றாலும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது.

விருப்ப ஓய்வுத் திட்டம்தான் நான் கூடுதல் மதிப்பெண் தரும் பகுதி. 2020 மே மாதம், விமானங்கள் தரையிறங்கிக் கிடந்த வேளையில், ஓய்வுக்குத் தகுதி பெற்றவர்களுக்கும், வயது எதுவானாலும் 25 ஆண்டுகள் பணி முடித்தவர்களுக்கும் முன்கூட்டிய ஓய்வுத் திட்டத்தையும், அதற்குத் தகுதியில்லாதவர்களுக்கு வேறொரு விலகல் திட்டத்தையும் டெல்டா அறிவித்தது. ரொக்கம், மருத்துவப் பலன், பயணச் சலுகை மூன்றும் அதில் இருந்தன. 17,000 பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டு வெளியேறினார்கள். பெருந்தொற்றுக்கு முன் நிறுவனத்தில் இருந்தவர்களில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இம்மூன்றில் எது உண்மையான மதிப்புடையது என்று கேட்டால், ரொக்கத்தைவிட மருத்துவப் பலனைத்தான் காட்டுவேன். அமெரிக்காவில் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு பொதுவாக 65 வயதில்தான் கிடைக்கிறது. 57 வயதில் வேலையை விடும் ஒருவர் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளுக்குத் தனியாகக் காப்பீடு வாங்கினால், கைக்கு வந்த ரொக்கத்தின் கணிசமான பகுதியை அதுவே விழுங்கிவிடும். பயணச் சலுகையைப் பற்றி மிகையான எண்ணம் வேண்டாம். அது இடமிருந்தால் ஏறும் சலுகை. கோடை விடுமுறையில் அட்லாண்டாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் நிரம்பிய விமானத்தின் வாயிலில் நிற்கும் ஓய்வுபெற்றவருக்கு அதன் மதிப்பு எவ்வளவு என்று நன்றாகவே தெரியும். வெளியே தெரியாத இன்னொரு விலை பணிமூப்பு. விமானப் பணியாளருக்குக் கட்டாய ஓய்வு வயது கிடையாது. எந்த நகரத்துக்குப் பறப்பது, எந்த நாள் விடுப்பு எடுப்பது என்பதையெல்லாம் மூப்புப் பட்டியலில் அவருடைய இடமே தீர்மானிக்கிறது. முப்பது ஆண்டுகளில் சேர்த்த அந்த இடம், கையெழுத்திட்ட அன்றே போய்விடும். மனம் மாறித் திரும்பி வந்தாலும் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த நெருக்கடியை டெல்டா கையாண்ட விதம் போட்டியாளர்களைவிட மேலானது என்பதை எண்களே சொல்கின்றன. 2020 அக்டோபர் 1 அன்று அமெரிக்கனும் யுனைடெட்டும் சேர்ந்து சுமார் 32,000 பேரை ஊதியமில்லாமல் வீட்டுக்கு அனுப்பின. அவர்கள் பின்னர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். டெல்டா தன் முன்களப் பணியாளர்களை அப்படி அனுப்பவில்லை. விலகல் திட்டம், சம்பளமில்லா விருப்ப விடுப்பு, தரைப்பணியாளர்களின் வேலை நேரத்தில் கால்பங்கு வெட்டு ஆகியவற்றால் சமாளித்தது. எனினும் பாராட்டு முழுவதும் அட்லாண்டாவில் உள்ள டெல்டா தலைமைக்கே உரியதன்று. 2020 மார்ச்சில் நிறைவேறிய நிவாரணச் சட்டத்தின்கீழ், ஊழியர்களின் சம்பளத்துக்கென்றே டெல்டாவுக்கு 540 கோடி டாலர் கிடைத்தது. செப்டம்பர் இறுதிவரை ஆட்குறைப்புக் கூடாது என்பது அதன் நிபந்தனை. நிவாரணம் முதலாளிகளுக்கன்று, சம்பளத்துக்கே போகவேண்டும் என்று வாஷிங்டனில் முன்னின்று வாதாடியவர்களில் விமானப் பணியாளர் சங்கத்தின் தலைவர் சாரா நெல்சன் முக்கியமானவர். சந்தா கட்டாத டெல்டா ஊழியரும் அதன் பலனை அனுபவித்தார்.

சந்தா என்றதும் 2019-இன் அந்தச் சுவரொட்டி நினைவுக்கு வருகிறது. சங்கச் சந்தா ஆண்டுக்கு 700 டாலர் ஆகும், அந்தப் பணத்தில் புதிய வீடியோ கேம் கருவி வாங்கி மகிழலாமே என்று நிர்வாகம் தன் சரக்கேற்றும் ஊழியர்களுக்கு அறிவுரை சொன்னது. அது வெளியே கசிந்ததும் நாடே சிரித்தது. வளர்ந்த மனிதர்களிடம் இப்படிப் பேசிய அந்த விளம்பரத்துக்கு நான் மதிப்பெண் போடப்போவதில்லை.

சங்கம் அமைக்கும் முயற்சிகள் ஏன் தோற்றன என்பதற்கு நிர்வாகத்தின் பிரசாரம் மட்டும் காரணமன்று. 2002, 2008, 2010 என மூன்று முறை விமானப் பணியாளர்கள் வாக்களித்தார்கள். சங்கம் வலுவாக இருந்த நார்த்வெஸ்ட் நிறுவனம் 2008-இல் டெல்டாவோடு இணைந்தபின் நடந்த 2010 வாக்கெடுப்பில், 18,000-க்கும் மேற்பட்டோர் வாக்களித்து, வெறும் 328 வாக்குகளில் சங்கம் தோற்றது. டெல்டாவின் பழைய ஊழியர்களில் பலருக்கு அவர்கள் பழகிய நேரடி உறவின்மேல் மெய்யான பற்று இருந்தது என்பதை அந்த முடிவு காட்டுகிறது. ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது போதவில்லை என்பதையும் காட்டுகிறது. சட்டமும் வழியைக் குறுக்கியது. பிற தொழில்களில் 30 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு கோரலாம். விமானத் துறையில், 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், நாடு முழுவதிலும் அந்தப் பிரிவில் வேலை செய்வோரில் பாதிப்பேரின் சம்மத அட்டைகள் வேண்டும். ஓர் அட்டை ஓராண்டுக்குத்தான் செல்லும். பல நகரங்களில் சிதறி, எப்போதும் பறந்துகொண்டிருக்கும் 28,000 பேரில் 14,000 பேரை ஓராண்டுக்குள் பிடித்துக் கையெழுத்து வாங்குவது எத்தகைய வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2022 நவம்பரில் விமானப் பணியாளர், சரக்கேற்றுவோர், பழுதுபார்ப்போர் ஆகிய மூன்று பிரிவினருக்காகவும் மூன்று சங்கங்கள் கூட்டாகக் களமிறங்கியது இந்தத் தடையை மனத்தில் வைத்துத்தான்.

இனி மதிப்பெண்கள். ஊதிய உயர்வுக்கு ஐந்தில் மூன்றரை: நேரத்துக்கு வருகிறது, ஆனால் அண்டை நிறுவனங்களின் பேரத்தைப் பார்த்து அளவெடுக்கப்படுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. லாபப் பங்குக்கு நான்கு. லாபமில்லாத ஆண்டில் அது பூஜ்யம் என்று தெரிந்து குடும்பச் செலவைத் திட்டமிடுபவருக்கு மட்டும். 401கே பங்களிப்புக்கு மூன்று. 2020-இன் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு நான்கு; 60-ஐக் கடந்தவருக்கு அது நல்ல பேரம், 50-ஐ ஒட்டியவருக்கு மருத்துவக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்பே பேரம். இத்தகைய கூட்டு விலகல் திட்டங்களில், 40 வயதைக் கடந்தவர் வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடவேண்டுமென்றால், யோசிக்க 45 நாளும், இட்டபின் மனம் மாற 7 நாளும் அமெரிக்கச் சட்டம் தருகிறது. இனியொரு திட்டம் வந்தால் அந்த நாட்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நிலைத்தன்மைக்கு ஐந்தில் ஒன்று. இத்தொகுப்பில் இன்று இருக்கும் எதுவும் நாளையும் இருக்கும் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் விமானிகளிடமும் கண்காணிப்பு அலுவலர்களிடமும்தான் இருக்கிறது.